பச்சைக்கறிக்கு மாறும் முன் அந்த வாளியைப் பாருங்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு ஏதாவது ஒரு பிராய்லர் கடை முன்னால் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். கோழியின் கழுத்தை அறுத்து நீல டிரம்முக்குள் போடுவார் கடைக்காரர். உள்ளே படபடவென்று அடித்து ஓய்ந்ததும் வெளியே எடுத்துத் தோலை உரிப்பார். குடலை உருவிப் பக்கத்து வாளியில் வீசுவார். பிறகு புளியங்கட்டையில் வைத்து வெட்டு. அதே கை, அதே கத்தி, அதே கட்டை. கட்டையைக் காலையில் ஒரு தடவை சுரண்டியிருப்பார். அடுத்த சுரண்டல் கடை சாத்தும்போதுதான். வாளியில் தலை, கால், தோல், குடல், ரத்தம் எல்லாம் கலந்து கிடக்கும், மேலே ஈ. "நாய்க்கு வேஸ்ட் குடுங்கண்ணே" என்று மத்தியானம் வந்து கேட்பவருக்கு அதிலிருந்து இரண்டு கை அள்ளிக் கறுப்புப் பையில் கட்டித் தருவார்.

கடைக்காரரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. கறி எப்படியும் கொதிக்கப்போகிறது என்ற நம்பிக்கையில்தான் நம் கறிக்கடைகள் நடக்கின்றன. மஞ்சளும் கல்லுப்பும் போட்டு அலசி, குக்கரில் நாலு விசில் விட்டால் கட்டையில் ஒட்டியிருந்த கிருமியின் கதை முடிந்தது. வாளி வேஸ்ட்டையும் இத்தனை காலம் வேகவைத்து, சோற்றில் பிசைந்துதான் நாய்க்குப் போட்டோம். இப்போது கொதிக்கவைப்பதை மட்டும் விட்டுவிட்டு, மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, 'ரா ஃபீடிங்' என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

நான் மதுரையில் நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கிறவள். அதற்கு முன் விருதுநகர் மாவட்டத்தில் அரசு கால்நடை மருந்தகத்தில் இருந்தேன். அங்கே ஆடு, மாட்டோடு சேர்ந்து ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களும் வரும். அந்தக் காலத்தில் பச்சைக்கறி பற்றி யாரும் கேட்டதில்லை. இப்போது வாரம் தவறாமல் கேட்கிறார்கள். எல்லோருமே நாயின் மேல் உண்மையான அக்கறை உள்ளவர்கள். மூட்டையில் வரும் உருண்டைத் தீனியில் என்ன இருக்கிறதோ என்ற சந்தேகம் ஒருபக்கம், நாய்க்கு நல்லதைக் கொடுக்கவேண்டும் என்ற ஆசை மறுபக்கம். அவர்களை அதட்டி அனுப்பினால் வீட்டுக்குப் போய் யாரையும் கேட்காமல் ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் உட்காரவைத்துப் பேசுகிறேன்.

இந்த அலை ஆஸ்திரேலியாவில் கிளம்பியது. அங்கே இயன் பில்லிங்ஹர்ஸ்ட் என்ற கால்நடை மருத்துவர் 1993இல் 'கிவ் யுவர் டாக் எ போன்' என்று ஒரு புத்தகம் எழுதினார். ஓநாய் தின்றதையே நாயும் தின்னவேண்டும், பச்சை இறைச்சியும் பச்சை எலும்பும்தான் அதன் இயல்பான உணவு என்பது அவர் வாதம். 'பார்ஃப்' என்று நாய்க்காரர்கள் சொல்வது அவர் பரப்பிய முறைதான். எதிர்த்தரப்பில் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் 2012இல், வேகாத விலங்குப் புரதத்தை நாய்க்கும் பூனைக்கும் தருவதை ஊக்குவிப்பதில்லை என்று கொள்கை முடிவே எடுத்தது. இரண்டு தரப்பும் இன்றுவரை மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன.

என்னிடம் வருகிற ஒரு பொறியாளர், லாப்ரடார் வைத்திருப்பவர், ஒருநாள் மடக்கினார்: "மேடம், ஓநாய் என்ன குக்கர் வெச்சா சமைச்சுச்சு?"

"ஓநாய் உங்க பேத்தி மூஞ்சிய நக்குதா சார்?" என்றேன். சிரித்துவிட்டார். ஆனால் நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஓநாய்க் கணக்கு முதலில் உயிரியலிலேயே இடிக்கிறது. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டே பிரதிகள்தான். நாய்களிடம் நான்கிலிருந்து முப்பது வரை இருந்தது. மனிதன் வயலில் இறங்கிய பிறகு அவன் மிச்சத்தைத் தின்றே நாயின் குடல் மாறிப்போயிருக்கிறது. இதற்கு ஸ்வீடன் வரை போகவும் வேண்டாம். கரிசல் காட்டில் முயலை ஓட்டிப் பிடிக்கும் சிப்பிப்பாறைக்கு வீட்டில் கம்பங்கூழும் கேப்பைக்கூழும்தான் ஊற்றி வளர்த்தார்கள். கூழ் குடித்த அந்த உடம்பில் ஒரு கையளவு கொழுப்பு கிடையாது. ஓட்டத்தில் பைக்கை விரட்டும்.

பச்சைக்கறியால் நல்லதே இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். நாய் ஆசையாகத் தின்னும். கறி நன்றாகச் செரிப்பதால் மலம் குறைவாக, கெட்டியாக இருக்கும். அள்ளுகிறவருக்கு அது பெரிய நிம்மதி. கொழுப்பு கூடுவதால் ரோமம் மினுமினுக்கும். எலும்பு கடிக்கிற நாயின் பல்லில் காரை குறைவு. ஆனால் அதே கறியை வேகவைத்துக் கொடுத்தாலும் மலமும் ரோமமும் ஏறக்குறைய அப்படியே மாறும். பச்சையாகத் தின்ற நாய், வேகவைத்துத் தின்ற நாயைவிடக் கூடுதல் காலம் வாழ்ந்தது என்று காட்டும் திடமான ஆய்வு எதுவும் வரவில்லை. லாபத்தில் பெரும்பகுதி 'கறி'யால் வருகிறது. 'பச்சை'யால் வருவது பெரும்பாலும் ஆபத்து மட்டுமே. அந்த ஆபத்திலும் பாதிக்கு மேல் நாய்க்கு அல்ல, வீட்டில் இருப்பவர்களுக்கு.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2010 அக்டோபரிலிருந்து 2012 ஜூலை வரை, செல்லப்பிராணிகளுக்கான பச்சை இறைச்சி உணவுகளை வாங்கிப் பரிசோதித்தது. 196 மாதிரிகளில் 15இல் சால்மொனெல்லா, 32இல் லிஸ்டீரியா. இவை தொழிற்சாலையில் பேக் செய்து உறையவைத்து விற்றவை. நம் வாளியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாயின் வயிற்று அமிலம் இந்தக் கிருமிகளைப் பெரும்பாலும் சமாளித்துவிடும், அதனால் நாய் நன்றாகவே இருக்கும். அங்கேதான் ஏமாந்துவிடுகிறோம். கனடாவில் 2007இல் வெளியான ஆய்வில், சால்மொனெல்லா கலந்த பச்சை உணவைத் தின்ற 16 நாய்களில் 7, அடுத்த ஒரு வாரம் வரை கிருமியை மலத்தில் வெளியேற்றின. இப்படிப்பட்ட நாய் வாலாட்டிக்கொண்டு, பின்பக்கத்தை நக்கிவிட்டு, அதே நாக்கோடு குழந்தையிடம் வருகிறது. கனடாவிலேயே இன்னொரு குழு நாய்க் கிண்ணங்களில் சால்மொனெல்லாவைத் தடவிவிட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்தும், பிளீச்சில் ஊறவைத்தும், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட்டும் பார்த்தது. எதிலுமே முழுதாகப் போகவில்லை. நம் ஊர் கோழிப்பண்ணைகளில் ஆன்டிபயாட்டிக் எப்படிப் புழங்கியது என்பதும் ஊரறிந்த கதை. மனிதர்களுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருந்த கோலிஸ்டினைக் கோழிக்குப் போடக்கூடாது என்று மத்திய அரசு 2019இல்தான் தடைபோட்டது. அந்தக் கோழியில் இருக்கிற கிருமி சாதாரண மாத்திரைக்குக் கேட்கும் என்று யாரும் உறுதி தரமுடியாது.

சில நம்பிக்கைகளை இங்கேயே தீர்த்துவிடலாம். மஞ்சள், உப்பு, வினிகர் எது போட்டு அலசினாலும் சால்மொனெல்லா சாகாது. ஃப்ரீசரில் வைத்தாலும் சாகாது; தூங்கும், ஐஸ் கரைந்ததும் எழுந்து பெருகும். புழுக்களின் கட்டிகளுக்கு மட்டுமே ஃப்ரீசர் எமன். அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இது நம் ஊரின் சொந்தப் பிரச்னை.

கோயில் கிடாவெட்டு நடக்கும் இடத்தில் நாய்கள் வட்டம்கட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டின் நுரையீரலை அல்லது ஈரலை வெளியே எடுக்கும்போது சிலவற்றில் வெள்ளையாக, தண்ணீர் நிரம்பிய கட்டி தெரியும். சின்னதாக எலுமிச்சை அளவிலும் இருக்கும், பெரிதாகவும் இருக்கும். கறி போடுகிறவர் அதை 'நீர்க்கட்டி' என்று சொல்லி, வெட்டி எடுத்து, சமையலுக்கு ஆகாது என்று நாய் பக்கம் வீசுவார். வீசும் அந்தக் கை ஒரு நாடாப்புழுவின் வாழ்க்கை வட்டத்தை முடித்துவைக்கிறது. கட்டிக்குள் இருப்பவை எக்கினோகாக்கஸ் என்ற புழுவின் குஞ்சுகள். நாயின் குடலில் அவை வளர்ந்தாலும் அரை, முக்கால் சென்டிமீட்டருக்கு மேல் போகாது, கண்ணில் படாது. நாய்க்கு ஒரு தொந்தரவும் இருக்காது. முட்டை மட்டும் மலத்தில் வந்து, ரோமத்தில் ஒட்டி, நம் கைக்கு, கையிலிருந்து வாய்க்கு. பிறகு மனித ஈரலிலோ நுரையீரலிலோ அதே நீர்க்கட்டி சத்தமில்லாமல் பல வருடம் வளரும். ஏதோ ஒரு ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும்போது அறுவை சிகிச்சை வரை போகவேண்டியிருக்கும்.

ஐஸ்லாந்து ஒருகாலத்தில் இந்த நோயால் தவித்தது. 1860களில் டென்மார்க்கைச் சேர்ந்த ஹரால்ட் கிராபே என்ற மருத்துவர் அங்கே போய் நாய்களை அறுத்துப் பார்த்து, சின்னதாக ஒரு புத்தகம் எழுதினார். அதை வீடுவீடாகக் கொடுத்தார்கள். ஆட்டின் கட்டியை நாய்க்குப் போடாதே, எரி அல்லது புதை என்பதுதான் சாரம். பின்னாளில் அந்தத் தீவில் நோயே இல்லாமல் போனது. நியூசிலாந்தும் ஆட்டு உள்ளுறுப்பை நாய்க்குப் பச்சையாகப் போடுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. அங்கே இன்றும் ஆட்டுக்கறியை நாய்க்குக் கொடுக்கவேண்டுமானால் வேகவைக்கவேண்டும், அல்லது மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே 10 நாள் உறையவைக்கவேண்டும். என் கிளினிக்கில் நான் சொல்வது இன்னும் சுருக்கம்: ஆட்டு ஈரல், நுரையீரல், சுவரொட்டி மூன்றும் பச்சையாக வேண்டவே வேண்டாம். பன்றிக்கறியும் அப்படியே.

பறவைக் காய்ச்சலையும் ஒரு வரி சொல்லவேண்டும். 2024 டிசம்பர் கடைசியில் நாக்பூரின் கோரேவாடா மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் எச்5என்1 கிருமியால் இறந்தன. தின்னக் கொடுத்த கோழியின் மேல்தான் சந்தேகம் போனது. 2023இல் கனடாவில், செத்த காட்டு வாத்தைக் கடித்த வீட்டு நாய் ஒன்று இறந்தது. பக்கத்து மாவட்டத்தில் கோழி, வாத்து சாகிறது என்று செய்தி வந்தால் அன்றைக்கே பச்சைக் கோழியை நிறுத்திவிடுங்கள்.

கிருமியை விடுங்கள், எலும்புக் கணக்குக்கு வருவோம். பச்சைக்கறியோ வெந்த கறியோ, வீட்டுச் சாப்பாட்டில் அதிகம் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். நூறு கிராம் எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் ஏறக்குறைய 200 மில்லிகிராம், கால்சியம் வெறும் 10 மில்லிகிராம். நாயின் உடம்புக்கு வேண்டியது பாஸ்பரசைவிடச் சற்றுக் கூடுதலாகக் கால்சியம். வெறும் கறி போட்டால் கணக்கு தலைகீழ். பற்றாக்குறையை உடம்பு தன் எலும்பைக் கரைத்தே சரிக்கட்டும்.

நாலு மாத ராட்வைலர் குட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார் ஒருவர். முன்னங்கால் மணிக்கட்டு தரையில் படும்படி நடக்கிறது, தொட்டால் கத்துகிறது. "என்ன சாப்பாடு?" என்றால், பெருமையாக, "போன்லெஸ் மட்டும்தான் டாக்டரம்மா, எலும்பே போடுறதில்ல" என்றார். எக்ஸ்-ரேயில் எலும்புக்கும் சதைக்கும் நிறத்தில் வித்தியாசம் தேடவேண்டியிருந்தது. பின்னந்தொடை எலும்பில் ஒரு மெல்லிய விரிசலும் ஓடியது. நல்லவேளை, சீக்கிரம் வந்ததால் குட்டி தேறிக்கொண்டது. இதற்கு நேர்மாறான கூத்தும் உண்டு. நல்ல குட்டித் தீனி கொடுத்துக்கொண்டே மேலே கால்சியம் சிரப்பை பாட்டில் பாட்டிலாக ஊற்றுவார்கள். கிரேட் டேன் குட்டிகளை வைத்து நெதர்லாந்தின் உட்ரெக்ட்டில் நடந்த ஆய்வுகளில், மிகுந்துபோன கால்சியத்தால் எலும்பு வளர்ச்சி கோணலாவது தெளிவாகத் தெரிந்தது. அதனால் ஒரு வயது முடியாத குட்டிக்கு, பெரிய இனமென்றால் ஒன்றரை வயது வரை, வீட்டுக் கணக்கில் பச்சைக்கறி வேண்டாம்.

வளர்ந்த நாய் விஷயத்திலும் 'எண்பது பங்கு கறி, பத்து பங்கு எலும்பு, பத்து பங்கு ஈரல் வகை' என்ற சூத்திரம் பாதி உண்மைதான். ஜெர்மனியில் நாய்களுக்குக் கொடுத்துவந்த 95 பச்சை உணவுப் பட்டியல்களை ஆராய்ந்து 2011இல் முடிவு வெளியிட்டார்கள். அவற்றில் அறுபது விழுக்காட்டில் ஏதாவது ஒரு சத்து பெரிய அளவில் கூடியோ குறைந்தோ இருந்தது. அயோடின், துத்தநாகம், வைட்டமின் டி போன்றவை வெறும் கறியிலும் எலும்பிலும் போதுமான அளவு வருவதில்லை. ஈரலை அள்ளிப் போட்டால் வைட்டமின் ஏ எல்லை மீறும்.

இவ்வளவும் கேட்டுவிட்டு, "சரி மேடம், நான் செய்யத்தான் போறேன், எப்படின்னு சொல்லுங்க" என்பவர்களுக்கு நான் சொல்லும் முறை இது.

முதலில் நாயைக் கொண்டுவாருங்கள். ரத்தப் பரிசோதனை, முக்கியமாகச் சிறுநீரகமும் கல்லீரலும். முன்பு கணையம் வீங்கி வாந்தியெடுத்த நாய், ஸ்டீராய்டில் இருக்கிற நாய், புற்றுநோய் மருந்து வாங்கும் நாய் இவற்றுக்கு அனுமதி இல்லை. குடற்புழு மருந்தில் பிராசிகுவான்டெல் இருக்கிறதா என்று அட்டையைப் பார்த்து வாங்குங்கள். அது இல்லாத புழு மாத்திரை நாடாப்புழுவை ஒன்றும் செய்யாது. பச்சை ஆட்டுக்கறி தின்னும் நாய்க்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறை அது தேவைப்படலாம்.

அடுத்து, இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்யாதீர்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்வேன். இத்தனை நாள் தயிர்சாதமோ உருண்டைத் தீனியோ தின்ற குடலுக்குக் கறியே புதிது. முதலில் கறிக்கு மாற்றுங்கள், வேகவைத்தபடியே. தோலும் எலும்பும் இல்லாத கோழி, ஒரே வகை. பழைய சாப்பாட்டில் கால் பங்கை எடுத்துவிட்டு அந்த அளவு கறி. மூன்று நாள் கழித்து அரைப் பங்கு. பத்துப் பன்னிரண்டு நாளில் முழுதாக. மலம் கெட்டியாக நின்ற பிறகுதான் அதே கறியைப் பச்சையாக, மறுபடி கால் பங்கிலிருந்து. இப்படிச் செய்தால் வயிறு கெட்டபோது காரணம் கறியா பச்சையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். ஒரே நாளில் சோற்றிலிருந்து பச்சைக் கோழிக்குத் தாவியவர்கள் வரும்போது என்னாலும் ஊகிக்கத்தான் முடிகிறது. உருண்டைத் தீனியையும் பச்சைக்கறியையும் ஒரே கிண்ணத்தில் கலந்தால் செரிக்காது என்று பரப்புகிறார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது.

அளவு: வளர்ந்த நாயின் எடையில் நாளொன்றுக்கு இரண்டிலிருந்து மூன்று விழுக்காடு. 25 கிலோ ராஜபாளையத்துக்கு அரைக் கிலோவில் தொடங்கலாம். விலா எலும்பைத் தடவிப் பார்த்து, தெரியாமல் மூடிக்கொண்டால் குறையுங்கள்.

எலும்பு கடைசியில். அரைக் கிலோ சாப்பாட்டில் எலும்பு 50, 60 கிராம் போதும். கோழி இறக்கையில் ஏறக்குறைய பாதி எலும்பு. ஆக 120 கிராம் இறக்கை கொடுத்தால் அன்றைய கணக்கு முடிந்தது. கூடிவிட்டதா என்பதை மறுநாள் மலமே சொல்லும்: வெள்ளையாக, சுண்ணாம்புக்கட்டி போல, முக்கி முக்கிப் போகும். அப்படியே விட்டால் அடைத்துக்கொண்டு எனிமாவுக்கு என்னிடம் வரவேண்டியிருக்கும். கோழிக்கழுத்து மலிவு என்று தினமும் போடுகிறவர்களுக்கு ஒரு சேதி. மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் 2018இல் வந்த ஆய்வு, பச்சைக் கோழியையும், நாயின் பின்னங்காலில் தொடங்கி உடம்பெல்லாம் தளர்ந்துபோகும் ஒரு நரம்பு நோயையும் தொடர்புபடுத்தியது. நோய் வந்த நாய்களின் மலத்தில் கேம்பிலோபாக்டர் கிருமி இருக்கும் வாய்ப்பு மற்ற நாய்களைவிட ஒன்பது மடங்குக்கு மேல்.

வெந்த எலும்பு எந்த நாய்க்கும் கூடாது. பிரியாணி எலும்பு ஊசியாகச் சிலும்பும். ஆடி மாதக் கறிவிருந்து முடிந்த மறுநாளும் பக்ரீத்துக்கு மறுநாளும் என் மேஜையில் தொண்டையில் எலும்பு சிக்கிய நாய்கள்தான் படுத்திருக்கும். ஆட்டு, மாட்டுத் தொடை எலும்பு பச்சையாக இருந்தாலும் பல்லைவிடக் கடினம். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் ஓடாகப் பிளந்து வருவது பெரும்பாலும் நல்லி எலும்பு மெல்லும் நாய்களுக்கு.

இனி அடுப்படி. வாளி வேஸ்ட்டை மறந்துவிடுங்கள். கடை திறந்ததும் முதல் ஆளாகப் போய், கட்டை சுத்தமாக இருக்கும்போது, கண்ணெதிரே உரித்த கோழியை வாங்குங்கள். நேராக வீட்டுக்கு வந்து, ஒருவேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். ஐஸ் விடவேண்டியது ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாவில். மேல்தட்டில் வைத்தால் சொட்டுகிற தண்ணீர் கொத்தமல்லிக் கட்டிலும் தயிர்க் கிண்ணத்திலும் விழும். கரண்ட் போய் ஒருமுறை இளகியதை மறுபடி உறையவைக்காதீர்கள், அதை வேகவைத்துவிடுங்கள். நாய்க்கு எவர்சில்வர் கிண்ணம்தான். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் கிருமி குடியிருக்கும். சாப்பிடும் இடம் கழுவக்கூடிய தரையாக இருக்கட்டும். மதுரை வெயிலில் இருபது நிமிடம் கழித்துக் கிண்ணத்தில் மிச்சமிருந்தால் குப்பைக்குத்தான். கிண்ணம் தேய்க்கிற நாரை வீட்டுப் பாத்திரத்துக்குப் பயன்படுத்தாதீர்கள். இதையெல்லாம் தினமும் செய்யப்போவது யார் என்பதையும் வீட்டில் பேசி முடிவுசெய்யுங்கள். பல வீடுகளில் ஆசைப்படுவது ஒருவர், கிண்ணம் கழுவுவது இன்னொருவர். பெரும்பாலும் பாத்திரம் தேய்க்க வரும் அக்கா. அவருக்கு இது பச்சைக்கறிக் கிண்ணம் என்று சொல்லக்கூட மாட்டார்கள்.

பச்சைக்கறி தின்றால் நாய் மூர்க்கமாகிவிடும், ரத்த ருசி கண்டுவிடும் என்று தாத்தாக்கள் சொல்வதுண்டு. அப்படி எதுவும் இல்லை. ஆனால் எலும்பை வாயில் வைத்திருக்கும் நாய், சாதுவாக இருந்தாலும், பக்கத்தில் யார் வந்தாலும் உறுமும். பிடுங்கப் போனால் கடிக்கும். குழந்தைகளை அந்த நேரத்தில் அண்டவிடக்கூடாது, அவ்வளவுதான்.

இத்தனையும் முடியாது என்று தோன்றினால் வருத்தப்பட ஒன்றுமில்லை. அரைக் கிலோ எலும்பில்லாத கோழியை வேகவையுங்கள். வேகவைத்துக் காயவைத்த முட்டை ஓட்டை மிக்சியில் மாவாகத் திரித்து, அதில் தட்டையாக அரைத் தேக்கரண்டி சேருங்கள். ஏறக்குறைய 1,000 மில்லிகிராம் கால்சியம் வந்துவிடும். கொஞ்சம் சோறு, பூசணியோ கேரட்டோ. வாரம் இரண்டு நாள் மத்தி மீன், அதுவும் வேகவைத்து, முள் எடுத்து. பச்சை மத்தியில் வைட்டமின் பி1ஐ அழிக்கும் நொதி உண்டு, கொதித்தால் அது போய்விடும். வெங்காயம் மட்டும் எந்த வடிவிலும் வேண்டாம். மீதிச் சத்துகளுக்கு என்ன சேர்ப்பது என்று உங்கள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். என் சொந்த நாய்க்கு நான் போடுவது இதுதான். பச்சைக்கறி நிபுணர்கள் யாராவது வந்து அதன் ரோமத்தைத் தடவிப் பார்க்கலாம்.

வீட்டில் கைக்குழந்தையோ, கர்ப்பிணியோ, டயாலிசிஸிலோ கீமோதெரபியிலோ இருப்பவரோ, எழுபது தாண்டிய பெரியவரோ இருந்தால் நான் மேலே சொன்ன முறையில் எதையும் முயற்சி செய்யாதீர்கள். கறியைக் கொதிக்கவைத்து, ஆறவைத்துப் போடுங்கள்.